எனக்கு முட்டு வலி இல்லை

மகனே,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் டீ ஆறிப்போகும் என்று தெரியும். ஆறட்டும். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பினால் லிஃப்ட் உன் மாடிக்கு வந்து சேருவதற்குள் பார்த்து முடித்து, கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். இதை அப்படிச் செய்ய முடியாது. உறையையும் ஒட்டவில்லை. நம் தமிழ்ச் சபையில் யார் கேட்டாலும் வாசிக்கக் கொடுப்பேன். உன் வருங்கால மாமனார் வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்ல எழுதுகிற கடிதத்தை மூடி வைத்தால் அது என்ன கடிதம்?

புனேயில் இந்தப் போபோடி வீட்டு வாசலில் நின்று என்னைத் திட்டிவிட்டுப் போனதிலிருந்து நீ பேசவில்லை. உன் கணக்கில் நான் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு வந்தது என்ன, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், அதை ஏன் மறைக்க மாட்டேன் என்கிறேன், எல்லாவற்றையும். நீ பாதி தெரிந்தவன். தெரிந்த பாதியையும் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறாய்.

அப்பா போனதால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை. அவர் போனபோது நான் அழுதேன், சாப்பிட்டேன், தூங்கினேன், பள்ளிக்கூடம் போய் ஏழாம் வகுப்புக்கு மலைகளையும் ஆறுகளையும் நடத்தினேன். துக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து, நான் ஓய்வு பெற்று, நீ ஔந்தில் ஃப்ளாட் வாங்கி, எல்லாம் ஒழுங்காக இருந்த நேரத்தில், ஒரு காரணமும் சொல்லாமல். அடுப்பில் பருப்பு பொங்கி வழியும். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கேஸை அணைக்கக் கை போகாது. கையில் வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. கையைப் போகச் சொல்லுகிற ஆள் உள்ளே இல்லை, அவ்வளவுதான். தலைக்குக் குளித்து எத்தனையோ நாளாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நானும் நிற்பேன், வாய் அசையும், சத்தம் வராது. சாக வேண்டும் என்று தோன்றவில்லை. இருந்து ஆகவேண்டிய வேலை ஏதாவது இருப்பதாகவும் தோன்றவில்லை.

மாத்திரைகள் சாப்பிட்டேன். ஒன்று கையை நடுங்க வைத்தது, ஒன்று பகலெல்லாம் தூங்க வைத்தது, ஒன்று எதுவுமே செய்யவில்லை. உன் பெரியம்மா வந்து தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "ஒனக்கு விசுவாசம் பத்தாதுட்டி, அதான் இப்படிப் போட்டு அமுக்குது" என்றாள். நீ என் போனில் ஒரு தியான ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். விட்டேன். அவளும் ஆளைவிட்டால் போதும் என்பதுபோல மணியடித்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் வயதுதான் இருக்கும் எனக்கு வைத்தியம் பார்த்த மராத்தி டாக்டருக்கு. என்னைக் காகூ என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் வீட்டுச் சித்திமாரைக் கூப்பிடுவதுபோல. மாத்திரைகள் பலிக்கவில்லை என்றானதும் அவள் சொன்னாள்: இன்னொரு வழி இருக்கிறது, கெட்டமின் என்று ஒரு மருந்து, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிறவர்கள் வைத்திருப்பதுதான். அதைக் குறைந்த அளவில் ட்ரிப்பில் ஏற்றினால் நீங்கள் தூங்க மாட்டீர்கள், விழித்தே இருப்பீர்கள், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு உலகமும் உடம்பும் வேறு மாதிரி ஆகிவிடும். அதிலிருந்து வெளியே வரும்போது சிலருக்கு இந்தச் சோர்வு விலகுகிறது. எல்லோருக்கும் இல்லை. விலகினாலும் திரும்பி வரலாம். பிரஷர் பார்த்து, இதயம் பார்த்து, பக்கத்தில் ஆள் இருந்துதான் கொடுப்போம். "காபரூ நகா, காகூ" என்றாள். பயப்படாதீர்கள் என்று. எனக்குப் பயமில்லை. பயப்படுவதற்கும் உள்ளே ஒரு ஆள் வேண்டுமே.

பயந்தது நீ. அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "அம்மா, இது என்னன்னு தெரியுமா? பார்ட்டி டிரக். கோரேகாவ் பார்க்ல பசங்க அடிச்சிட்டு விழுந்து கெடக்காங்களே, அது. நீங்க சண்டே ஸ்கூல் டீச்சர்!" என்றாய். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. "ஏல, கேஸு பக்கத்துலயே நின்னுக்கிட்டு அணைக்காம பாத்துட்டு இருக்கேம்ல, அது மட்டும் நல்ல பழக்கமா?" என்றேன். நீ லேப்டாப்பை மூடினாய். ஆஸ்பத்திரி நாளன்று கூட வந்தாய், வெளியே உட்கார்ந்தாய், காதில் ஹெட்போன் மாட்டி மீட்டிங்கில் பேசினாய். உள்ளே எனக்கு என்ன நடந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சாய்வு நாற்காலி. ஒரு கையில் ஊசி, மறு கையில் பிரஷர் பட்டை. ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்கிறார்கள். முதலில் அந்தச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு என் பாதங்கள் தூரமாகப் போயின. நர்ஸ் பெயர் கேட்டாள். சொன்னேன். சொன்ன குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது, நல்ல குரலாகவும் இருந்தது. கண்ணை மூடினால் நான் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன், உயரத்திலிருந்து. கீழே கிடப்பது நிலம். மேடு, பள்ளம், ஓடை, எல்லாம் சமவுயரக் கோடு போட்டு, நான் எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த மாதிரியே. அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் ஒரு பகுதி கறுப்பாக இருந்தது. பெரிய பகுதிதான். ஆனால் அதற்கு ஒரு ஓரம் இருந்தது. ஓரத்துக்கு அந்தப் பக்கம் வேறு நிறம். மகனே, அதுவரைக்கும் அந்தக் கறுப்புதான் எனக்கு உலகம். வெளியே ஒன்று இருக்கிறது என்று சொன்னவர்களை நான் நம்பவில்லை. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். பள்ளியில் ஒரு பீரியடு நடக்கிற நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது கன்னம் நனைந்திருந்தது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். வெளியே அந்த பைக் போய்விட்டிருந்தது.

எல்லாத் தடவையும் அப்படி அழகாக இருந்ததாக நினைக்காதே. இரண்டாம் தடவை பயங்கரமாக இருந்தது. உடம்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. செத்துவிட்டேன், இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைத்தேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காகூ, நான் இங்கதான் இருக்கேன், இது மருந்து, இது போயிரும்" என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போனது. அன்று வாந்தியும் எடுத்தேன். நீ சொல்கிற அந்த பார்ட்டிகளில் இப்படிக் கையைப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மருந்து அதுவேதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் கட்கி பஜாரில் நான் ஒரு சண்டை போட்டேன். வெந்தயக்கீரைக் கட்டின் உள்ளே அழுகலை வைத்துக் கட்டியிருந்தான். எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே பிரித்துக் காட்டி, மராத்தியில் சரியாகக் கேட்டேன். "அரே மாவ்ஷி, சகாளி சகாளி..." என்று, காலங்காத்தாலேயே ஏன் இப்படி என்று அவன் முனகினான். நான் விடவில்லை. வேறு கட்டு கொடுத்தான், மேலே ஒரு பிடி கொத்தமல்லியும் வைத்தான். ரோட்டில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்குக் கோபம் வந்திருக்கிறது! கொத்தமல்லியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன். வருகிறவர் போகிறவர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்படி நினைவு மாறிப் போவது கேவலம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நானும் அப்பாவும் இல்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது பால்கி, அந்தச் சாமிப் பல்லக்கு ஊர்வலம், நம் தெருமுனை வழியாகத்தானே போகும். கூடவே நடந்து போகிற வார்க்கரி பக்தர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அப்பா ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு நிற்பார். சர்ச்சில் சிலருக்கு அது பிடிக்காது, அவருக்குக் கவலையில்லை. ஒரு தடவை தலையில் துளசி மாடத்தைச் சுமந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தாள். குதிகால் பிளந்து ரத்தம் வழிகிறது, அவள் ஆடிக்கொண்டே பாடிக்கொண்டே போகிறாள். நீ அப்பாவின் சட்டையை இழுத்து, "அவங்களுக்கு வலிக்கலியா?" என்று கேட்டாய். அப்பா சொன்னார்: "வலிக்கும்ல. ஆனா அவ இப்பம் வலிக்கிற எடத்துல இல்ல." மத்தளமும் தாளமும் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. உன் பெரியம்மாவை உபவாசக் கூட்டத்தில் பார்த்திருக்கிறாய். கண்ணை மூடிக் கையைத் தூக்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது, எழுந்து வரும்போது முகம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அதை நாம் அபிஷேகம் என்கிறோம், மரியாதையாகத் தள்ளி நிற்கிறோம். அவர்களுக்குப் பாட்டு, அவளுக்கு ஜெபம், எனக்கு ட்ரிப். நானும் கொஞ்ச நேரம் என்னைவிட்டு வெளியே போய், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். இதில் எனக்கு மட்டும் ஏன் முக்காடு?

முக்காடு போட்டது நீ. உனக்கு நிச்சயித்த ஷெரினின் வீட்டார் நம் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது அவள் அப்பா மரியாதைக்குக் கேட்டார், "அக்காவுக்கு உடம்புக்கு என்ன? ஆஸ்பத்திரிக்குப் போறதா தம்பி சொல்லிச்சே" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "முட்டு வலி அங்கிள்" என்றாய். எல்லார் முன்னாலும் உன்னைப் பொய்யனாக்க வேண்டாம் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பலன் என்ன தெரியுமா? ஷெரினின் அம்மா நாகர்கோவிலிலிருந்து மூலிகை எண்ணெய் வரவழைத்துப் பெரிய பாட்டிலில் கொடுத்து அனுப்பினாள். சர்ச்சில் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துப் படியேற்றினாள். நல்ல முழங்காலை வைத்துக்கொண்டு நான் நொண்ட வேண்டியதாயிற்று. ஒரு நல்ல மனுஷி காட்டுகிற பாசத்தை ஒரு பொய்யின்மேல் வாங்கிக்கொள்வது எனக்கு அந்த எண்ணெயைவிடக் கசந்தது.

அப்புறம்தான் நீ ஔந்த் வீட்டில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "கல்யாணம் முடியற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கம்மா. யாராவது பார்த்துட்டா வம்பு. ஒரு கேப் விட்டா ஒண்ணும் ஆகாது." ஒன்றும் ஆகாது என்று உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கறுப்புக்குள் நின்றவள் நான். டாக்டர் சொல்லி இடைவெளி விடுவேன். சம்பந்தி வீட்டுக்குப் பயந்து விட மாட்டேன். அன்றே சொன்னேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

மறுநாள் ஷெரினின் அம்மா போன் பண்ணினாள். "அக்கா, எண்ணெய் தேய்க்கியளா? முட்டு இப்பம் எப்படி இருக்கு?"

"எனக்கு முட்டு வலி கெடையாதும்மா."

"கொணமாயிட்டா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"இல்லம்மா. எப்பமுமே கெடையாது. எனக்கு மனசுல சீக்கு. டிப்ரெஷன். அதுக்கு ஆஸ்பத்திரில வச்சு ஒரு மருந்து ஏத்துதாவ. ஏறும்போது கொஞ்ச நேரம் நான் இந்த லோகத்துலயே இருக்க மாட்டேன். பொறவு நல்லா இருப்பேன். ஒங்க எண்ணெய வாங்கிக்கிட்டு நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "இவிய வீட்டுக்கு வந்ததும் சொல்லுதேன் அக்கா" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் நீ வந்து வாசலில் நின்றாய். உள்ளே வா என்றேன், வரவில்லை. "ஒரு மாசம் பொறுக்க முடியலியா உங்களால? இப்ப அவங்க என்ன நினைப்பாங்க? பாகல் ஃபேமிலின்னு நினைப்பாங்க!" பக்கத்து வீட்டு மராட்டிக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். "பாகல்னா பைத்தியம்தான? தமிழ்லயே சொல்லுல, எனக்கு ஒறைக்கட்டும்" என்றேன். நீ காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஷெரின் வந்தாள். உங்கள் இருவர் ஆபீஸும் இருக்கிற கராடியிலிருந்து ஸ்கூட்டரில், அந்த வெயிலில், தனியாக. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்: "ஆண்ட்டி, இது பரம்பரையா வருமா?"

பெண் வீட்டுக்காரி கேட்கக்கூடிய கேள்விகளில் இதுதான் கடுமையானது. இல்லம்மா என்று சொல்லியிருந்தால் உன் கல்யாணம் பத்திரம். நான் சொன்னேன்: "சில குடும்பத்துல வருதுன்னுதான் டாக்டர் சொல்லுதா. வராமலும் போகும். வந்தா வைத்தியம் இருக்கு. இல்லன்னு ஒனக்கு எழுதிக் குடுக்க என்னால முடியாது."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அழ ஆரம்பித்தாள். "அவர் ஆபீஸுக்கு வர்றார் ஆண்ட்டி, ஆனா மேல வர்றதில்ல. பார்க்கிங்லயே கார்ல உட்கார்ந்திருக்கார். நான் தற்செயலாத்தான் ஒருநாள் பார்த்தேன். ஏசி ஓடுது, ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கு, சும்மா பார்த்துட்டு இருக்கார். நான் கண்ணாடிக்கு முன்னால நிக்கறேன், அது அவருக்குத் தெரியல. கேட்டா ஒண்ணுமில்ல, தூக்கம் பத்தலைங்கறார். அப்புறமும் பல நாள் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கார்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அந்தச் சீக்கப் பார்த்துப் பயமில்ல. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கறார் பாருங்க, அதுக்குத்தான் பயமா இருக்கு. நீங்க அம்மாகிட்ட உண்மையச் சொன்னீங்கன்னு கேட்டதும் எனக்கு மூச்சே வந்துச்சு ஆண்ட்டி."

ஸ்டீயரிங்கில் வைத்த கையை எடுக்கச் சொல்லுகிற ஆள் உள்ளே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இந்தப் புனேயில் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, எனக்கும் வேண்டியதில்லை. நீ என்னை மறைக்கப் பார்த்ததாக நினைத்து இத்தனை நாள் கோபப்பட்டேன். நீ மறைத்தது உன்னை. அம்மாவுக்கு முட்டு வலி என்றால் மகனுக்கும் தூக்கம்தான் பத்தவில்லை, இல்லையா?

அதனால் சொல்கிறேன், கேள். உனக்கு என் மருந்துதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையே போதுமாக இருக்கலாம். உட்கார்ந்து பேசினாலே போதுமாக இருக்கலாம். உனக்கு இது இல்லாமல் வேறேதாவதாகக்கூட இருக்கலாம். அதை முடிவு பண்ண வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை, உன் லேப்டாப்பும் இல்லை. ஊரில் பாதிப் பேர் இதை வைத்துக்கொண்டு வேறு பெயர் சொல்லித் திரிகிறார்கள், வாயு, பிரஷர், வேலை டென்ஷன் என்று. அவர்கள் திரியட்டும். என் பிள்ளை திரிய வேண்டாம். ஷெரினின் அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். "அவர் யோசிக்கட்டும் ஆண்ட்டி, நான் யோசிச்சாச்சு" என்றாள் அந்தப் பெண், ஸ்கூட்டரைத் திருப்பும்போது. இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் அதுதான் எனக்கு அவமானம்.

என்னுடைய அடுத்த முறை கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருகிறது. நான் போகிறேன். ஷெரின் கூட வருகிறாள். அன்றைக்கே உன் பெயரிலும் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், உன்னைக் கேட்காமல்தான். கோபம் வந்தால் வரட்டும். அதையும் அங்கே வந்து டாக்டரிடமே சொல். வரவில்லை என்றால் நான் கராடிக்கு வருவேன். உன் கட்டடத்தின் பார்க்கிங்குக்குள் நடந்து வந்து, செக்யூரிட்டி தடுத்தாலும், உன் டீம் முழுக்க வேடிக்கை பார்த்தாலும், நீ கதவைத் திறக்கும்வரை கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே நிற்பேன்.

உன் அம்மா